புறம்போக்கு: ஒரு பாடலும் ஒரு பாடமும்

வாசகர்களே, யாரையாவது 'புறம்போக்கு' என்று ஏசியிருக்கிறீர்களா? ஆறு, ஏரி, கழிமுகம் போல எவருக்கும் பட்டா இல்லாத பொதுநிலமே புறம்போக்கு. 2017 சனவரியில் வெளியான 'சென்னை பொறம்போக்குப் பாடல்' இதை உணர்த்துகிறது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுத, டி. எம். கிருஷ்ணா கர்நாடக இராகங்களில் பாடினார். படம் பிடித்த இடம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகம்.

மழைநீருக்கு இடம் வேண்டும் என்பதைப் பாடல் எளிதில் புரியவைக்கிறது. ஆனால் ஒரு குறை: புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதை அது தொடவில்லை. கொசத்தலையாறு முகத்துவாரக்குப்பத்தின் அருகேதான் கடலில் கலக்கிறது. கடல் உயர்ந்தால் வெள்ளம் மெதுவாகவே வடியும்; கழிமுகத்தைச் சாம்பல் மேடாக்கினால், அது தேங்கி நிற்கவும் இடமிராது. நீர் குப்பத்துக்குள் புகும்.

பாடலைக் கேளுங்கள். விடுபட்ட பாடத்தை நீங்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.