பூட்டும் புனைவும்: ‘விட்சர் 2’ குறித்துச் சில சிந்தனைகள்

கலைப்படைப்பொன்றை மதிப்பிடுங்கால் அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஆராய்வதோடு திறனாய்வாளனின் பணி முடிந்துவிடுகின்றது என்பது நம்மிடையே பொதுவாக நிலவும் கருத்தாகும். ஈழத்துத் திறனாய்வுலகில் நிகழ்ந்த வாதப்பிரதிவாதங்கள் பலவும் இவ்விரண்டனுள் எது முதன்மையானது என்பதையே சுற்றிவந்தன. ஆயின், அப்படைப்பு எந்நிபந்தனையின்பேரில் வாசகனின் கைக்கு வந்துசேர்கின்றது என்ற மூன்றாவது வினாவும் உண்டு. அச்சு நூலைப் பொறுத்தவரையில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. விலைகொடுத்து வாங்கிய நாவலை எங்கிருந்தும் எத்தனை முறையும் படிக்கலாம், தோழனுக்கு இரவல் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். படிக்கத் தொடங்குமுன் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணினியில் இயங்கும் புனைவுகளின் நிலை இதுவன்று. அவற்றுட் பல பூட்டோடு விற்கப்படுகின்றன. விலை கொடுத்த பின்னரும் சாவி விற்றவரிடமே இருக்கின்றது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமானதொரு படைப்பு ‘தி விட்சர் 2: அசாசின்ஸ் ஒஃப் கிங்ஸ்’ என்னும் கணினி விளையாட்டாகும். போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம் இதனை 2011 மே 17 ஆம் திகதி வெளியிட்டது. 2007 இல் வெளிவந்த முதற்பாகத்தின் தொடர்ச்சியாகிய இது, போலந்து எழுத்தாளர் ஆன்ட்ரே சப்கோவ்ஸ்கியின் கதையுலகை அடியொற்றியது. ஆடுபவன் ஒரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரமாகவே போரிட்டும் உரையாடியும் முடிவெடுத்தும் கதையை நடத்திச்செல்லும் வகையைச் சார்ந்தது. விளையாட்டைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது தகுமா எனச் சிலர் வினவக்கூடும். நாவலும் சினிமாவும் ஒருகாலத்தில் இதே ஐயத்திற்கு உட்பட்டவைதாம் என்பதே அதற்கு விடையாகும்.

கதையின் மையப் பாத்திரம் கெரால்ட் என்பவன். கூலிக்குப் பேய்விலங்குகளை வேட்டையாடும் தொழிலினன், நினைவை இழந்தவன். டெமேரிய அரசன் ஃபோல்டெஸ்ட், துறவிவேடம் பூண்ட கொலைஞனால் அவன் கண்முன்னே கொல்லப்படுகின்றான். பழி கெரால்ட் மீது விழுகின்றது. சிறையிலிருந்து தப்பிய அவன் உண்மைக் கொலைஞனைத் தேடிச் செல்வதே கதை. மேலோட்டமாக நோக்கின் இது பழகிப்போன சாகசக் கதையாகவே தோன்றும். படைப்பின் உண்மையான ஆற்றல் அதன் முதலாம் அங்கத்தின் இறுதியிலேதான் வெளிப்படுகின்றது.

அவ்விடத்தில் ஆடுபவன் இருவருள் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஒருவன் வெர்னன் ரோஷ். கொல்லப்பட்ட மன்னனின் சிறப்புப் படைத் தலைவன். அரசின்பால் மாறாத பற்றுடையவன். கிளர்ச்சியாளரை ஈவிரக்கமின்றி வேட்டையாடியவன். மற்றவன் யோர்வெத்; மனிதரின் ஆட்சியிலே தாழ்த்தப்பட்ட எல்ஃப் இனத்தைச் சேர்ந்த காட்டுப் போராளி; தன் இனத்தின் மானத்திற்காக ஆயுதம் ஏந்தியவன்; அவன் கைகளிலும் அப்பாவிகளின் இரத்தம் படிந்திருக்கின்றது. ரோஷோடு செல்பவன் ஹென்செல்ட் மன்னனின் பாசறைக்குச் செல்கின்றான். யோர்வெத்தோடு செல்பவன், அப்பாசறை முற்றுகையிட வரும் வெர்கன் என்ற ஊருக்குள், சாஸ்கியா என்னும் பெண்ணின் தலைமையில் சமத்துவம் வேண்டி நிற்கும் மக்களிடையே வாழ்கின்றான். இரண்டாம் அங்கம் முழுவதும் இதனால் வேறுபடுகின்றது. ஒரு பாதையிற் செல்பவன் மறுபாதையின் மனிதரைத் தெளிவாகக் காண்பதே இல்லை; மதிலுக்கு அப்பால் நிற்கும் பகைவராகவே அவர்களைக் காண்கின்றான்.

அரசு, கிளர்ச்சி, சிறுபான்மை, பழிவாங்கல் ஆகிய சொற்கள் வெறுஞ் சொற்களாக இல்லாத ஒரு நாட்டில் வளர்ந்த வாசகருக்கு இவ்வமைப்பின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. எத்தரப்பையும் தூயதென்று படைப்பாளர் காட்டவில்லை. அதேவேளை எல்லாத் தரப்பும் ஒன்றே எனக் கூறி ஒதுங்கிக்கொள்ளவுமில்லை. ஒருவனோடு உண்டு உறங்கிப் போரிட்ட பின்னரே அவன் பக்கத்து நியாயம் நமக்குப் புலப்படுகின்றது. மறுமுறை ஆடி மற்றப் பாதையிற் செல்லும்போது, முன்னர் நாம் அறியாமல் விட்டவை யாவை என்பது உறைக்கின்றது. இறுதியில் கொலைஞனாகிய லெத்தோவை நேருக்குநேர் சந்திக்கையிற்கூட அவனது பக்கத்தைக் கேட்டறிந்து, போரிடாமலே அவனைப் போகவிடும் வாய்ப்பு நமக்கு உண்டு.

இம்முறை தமிழ் மரபுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தஞ்சைப் பகுதியிலே காமன் பண்டிகையையொட்டிப் பாடப்படும் லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இருசாரார் எதிரெதிரே அமர்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என வாதிடுவர். கதை ஒன்றே, அதனுள் நிற்கும் இடம் வேறு. மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, பார்வையாளன் கதைக்கு வெளியே நிற்பவனல்லன் என்ற எண்ணம் பழக்கமானதே. ‘விட்சர் 2’ அவ்வெண்ணத்தைப் புதியதொரு சாதனத்தில் நிகழ்த்திக் காட்டுகின்றது.

சண்டை முறையும் இப்பண்போடு இணைந்தே அமைந்துள்ளது. மூலிகை மருந்துகளைப் போரின் நடுவே அருந்த முடியாது. முன்கூட்டியே அமர்ந்து தியானித்து அருந்த வேண்டும். வரப்போகும் பகை எத்தகையதென ஆராய்ந்தவனே வெல்வான். சிந்தனையற்று வாளை வீசுபவன் முதற் சில நிமிடங்களிலேயே மடிவான். வாளோடு சூழ்ச்சியும் தேவைப்படும் இத்தன்மையே ஆட்டத்தின் இன்பத்திற்குக் காரணமாகும். குறைகளும் இல்லாமலில்லை. தொடக்கம் தேவைக்கு மிஞ்சிக் கடினமானது. பயிற்சிப் பகுதியொன்று பின்னரே சேர்க்கப்பட்டது. மூன்றாம் அங்கம் அவசரத்தில் முடிக்கப்பட்டதுபோலக் குறுகியிருக்கின்றது. அறிவும் ஆற்றலும் படைத்த பெண் பாத்திரங்களை ஆணின் பார்வைக்கு விருந்தாக்கும் போக்கு, படைப்பாளரின் முதிர்ச்சியையே ஐயுறவைக்கின்றது.

சுருங்கக்கூறின், இது வாசகனின் பகுத்தறிவை மதிக்கும் படைப்பு. எது சரியென்று சொல்லாமல், நீயே தீர்மானி என்று அவனை நம்பி விடுகின்றது. இந்நம்பிக்கையை மனத்திற்கொண்டே இனிப் பூட்டின் கதையை நோக்க வேண்டும்.

கடைகளிலே இறுவட்டாக விற்கப்பட்ட பிரதிகளில் சிக்யூரொம் என்னும் படியெடுப்புத் தடை பொருத்தப்பட்டிருந்தது. வாங்கியவன் இணையத்தோடு தொடர்புகொண்டு தன் பிரதி உண்மையானதே என்று உறுதிப்படுத்த வேண்டும். அதேவேளை, அக்காலத்தில் இந்நிறுவனத்தின் சகோதர நிறுவனமாயிருந்த ஜி.ஓ.ஜி. அதே விளையாட்டை எத்தகைய பூட்டுமின்றி முதல்நாள் தொட்டே இணையத்தில் விற்றது. ஒரே படைப்பு, ஒருவனை ஐயுற்றும் மற்றவனை நம்பியும் ஒரே நாளில் வெளிவந்தது. விளைவு யாது? வெளியாகிப் பத்து நாள்கள் கழிவதற்கிடையில் படைப்பாளரே முதலாவது திருத்தத்தின் மூலம் கடைப்பிரதிகளின் பூட்டையும் அகற்றிவிட்டனர். பூட்டு நீங்கியதும் விளையாட்டு முன்னிலும் தடையின்றி ஓடுவதாக அவர்களே அறிவித்தனர். திருட்டுப் பிரதியாகப் பரவியது, எளிதிற் படியெடுக்கத்தக்க பூட்டில்லாப் பிரதியன்று, பூட்டை உடைத்தெடுத்த கடைப்பிரதியே என்று நிறுவனத்தின் இணைநிறுவுநர் மார்சின் இவின்ஸ்கி பின்னர் எடுத்துரைத்தார். உடைப்பவனுக்குப் பூட்டு ஒரு சவால். அதனை அவன் ஒருமுறை உடைத்தாற் போதும். விலை கொடுத்தவனோ அதனைச் சுமந்துகொண்டேயிருக்க வேண்டும்.

இச்சுமை எல்லார் மீதும் ஒரேயளவாக விழுவதில்லை என்பது ஈண்டுக் கவனத்திற்குரியது. இணைய இணைப்பு வீட்டுக்குவீடு தடையின்றி வரும் நகரத்தவனுக்கு, உறுதிப்படுத்தல் என்பது சில விநாடிச் செயல். கொஸ்லந்தவைச் சூழ்ந்த தோட்டங்களிலோ தொலைபேசி அலை ஒரு வளைவிற் கிடைத்தால் மறுவளைவிற் கிடைப்பதில்லை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் நோயினாற் கல்வி இணையவழிக்கு மாறியபோது, ஊவா மாகாணத்து மாணவர் அலை தேடி மலையுச்சிக்கும் மரத்திற்கும் ஏறியமையை நாடறியும். இத்தகைய சூழலில் ‘இணையத்தோடு இணைக’ என்னும் எளிய கட்டளை, வாங்கியவனைக் கடைவாசலுக்கே மீண்டும் துரத்துகின்றது. அவனுடைய அயலவன் நகரத்துக் கடையில் மலிவாய் வாங்கிய திருட்டுப் பிரதியோ யாரையும் கேளாமல் ஓடுகின்றது. நேர்மைக்குத் தண்டனையும் களவுக்குச் சலுகையும் வழங்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எவ்வாறு கூறுவது?

குற்றம் செய்யாதவனே தன் உரிமையை ஆவணங்காட்டி மெய்ப்பிக்க வேண்டும் என்ற தருக்கம் மலையக மக்களுக்குப் புதியதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இந்நாட்டிற் பிறந்தனர் என்பதை நிறுவுமாறு கோரியது. பிறப்புப் பதிவேதும் கைவசமில்லாத தொழிலாளர் பலர் இம்மண்ணிலே பிறந்து உழைத்தும் நாடற்றவராயினர். அப்பெருந்துயரையும் ஒரு விளையாட்டின் இடையூற்றையும் ஒரே தராசில் வைப்பது அறமாகாது. எனினும், ஐயத்தை அடிப்படையாகக் கொண்டு விதி வகுக்கப்படுமாயின் அதன் பாரம் ஆவணமும் வசதியும் குறைந்தவன் தலையிலேயே முதலில் இறங்கும் என்ற பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

பூட்டுக்குச் சார்பான வாதத்தையும் நாம் புறக்கணித்தல் ஆகாது. நூற்றுக்கணக்கானோரின் பல்லாண்டு உழைப்பு ஊதியமின்றிச் சூறையாடப்படுவது உண்மையே. 2011 இன் இறுதியில், தம் படைப்பின் திருட்டுப் பிரதிகள் 45 இலட்சம் அளவில் இருக்கும் என இவின்ஸ்கி மதிப்பிட்டார். இலங்கையிலும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கின்றது. சட்டம் இருந்தும் திருட்டு இறுவட்டுகள் நம் நகரங்களிலே வெளிப்படையாக விற்கப்பட்டன. படைப்பாளனுக்குரிய கூலியை மறுப்பவன் உழைப்பாளரின் உரிமை பற்றிப் பேசும் தகுதியை இழக்கின்றான். ஆயின், களவு தவறு என்பதிலிருந்து பூட்டு சரி என்பது பெறப்படாது. இதனை இந்நிறுவனத்தின் வரலாறே காட்டுகின்றது. திருட்டுப் பிரதிகள் மலிந்திருந்த தொண்ணூறுகளின் போலந்தில் இறுவட்டு விற்பனையோடு தொடங்கிய இவர்கள், 1999 இல் ‘போல்டர்ஸ் கேட்’ என்னும் விளையாட்டைப் போலிஷ் மொழிக்கு மாற்றி, அந்நாட்டின் புகழ்பெற்ற நடிகர்களைக் குரல்கொடுக்கச் செய்து, வரைபடம் முதலியவற்றையும் பெட்டியில் வைத்து விற்று வெற்றிகண்டனர். திருடனை விரட்டுவதினும் வாங்குபவனை மதிப்பது பயன்தரும் என்பதே அவர்கள் கற்ற பாடம். அப்பாடத்தையும் அவர்கள் சிலவேளை மறந்தனர். ஜெர்மனியில் திருட்டுப் பிரதி வைத்திருந்தோர் எனக் கருதப்பட்டவர்களுக்குச் சட்டத்தரணிகள் மூலம் இழப்பீடு கோரிக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. கண்டனம் எழவே 2012 ஜனவரியில் அந்நடவடிக்கை கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளிவந்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

இன்னொரு வினாவும் எஞ்சுகின்றது. பூட்டிய படைப்பு எத்தனை காலம் நிலைக்கும்? 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்துச் சிதைந்த ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். படியெடுக்கப்பட்ட ஏடு தப்பியது; எவர்க்கும் காட்டாது பேழையிற் பூட்டப்பட்ட ஏடு பேழையோடு அழிந்தது. கணினி உலகிலும் அதுவே நிகழ்கின்றது. 2015 இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, சேஃப்டிஸ்க் என்னும் பூட்டையும் சிக்யூரொம்மின் சில வகைகளையும் பாதுகாப்புக் காரணங்காட்டி அது ஏற்க மறுத்தது. நேர்மையாக வாங்கிப் பேணிய இறுவட்டுகள் பல அன்றே ஊமையாயின. ‘விட்சர் 2’ அவ்விதியிலிருந்து தப்பியமைக்குக் காரணம், அதன் படைப்பாளர் பூட்டைத் தாமே கழற்றியமையாகும்.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய மூன்றாவது வினா திறனாய்வுக்குப் புறம்பானதன்று. வழங்கும் முறையும் படைப்பின் கருத்தோடு பேசுகின்றது. சிலவேளை அதற்கு எதிராகவும் பேசுகின்றது. ரோஷின் பக்கம் நிற்பதா யோர்வெத்தின் பக்கம் நிற்பதா என்ற பெரும் பொறுப்பை ஒருவனிடம் ஒப்படைக்கும் புனைவு, அவன் வாங்கிய இறுவட்டை அவனிடமே நம்பி ஒப்படைக்கத் தயங்கியமை ஒரு முரண்பாடு. அம்முரண்பாட்டை இப்படைப்பாளர் விரைவில் உணர்ந்து நீக்கினர். இந்நடுநிலை எல்லாப் படைப்பாளருக்கும் வாய்க்கவில்லை. விற்ற பின்னரும் வாசகனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் படைப்புகள் இன்றும் வெளிவருகின்றன. தமிழிலும் நூல்களும் இதழ்களும் கணினித் திரைக்கு மாறிவரும் இக்காலத்தில், எழுதுவோரும் பதிப்போரும் இவ்வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நன்று. உழைத்தவனுக்குக் கூலியும், வாங்கியவனுக்கு உரிமையும், பின்வருவோனுக்குப் படியும் கிடைக்கும் ஏற்பாடே கலைக்கு உகந்த ஏற்பாடாகும்.