கொம்பில் விழுந்த சுழி

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூருக்கு ஈஸ்டர் சமயத்தில் பாஸ்கா நாடகமும் தேரும் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அந்த ஊரில் நின்று நினைத்துப் பார்க்க இன்னொருவரும் இருக்கிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குமேல் தமிழ் மண்ணில் கால்வைத்து, அதற்குப் பிறகு தமிழ் படித்தவர். நம் வீரமாமுனிவர் ஆவூரிலும் பணி செய்தவர்தான்.

அவரை எப்படி ரசிப்பது? பலர் நேரே அவருடைய தேம்பாவணிக் காவியத்தைத் திறப்பார்கள். 3,615 பாடல்கள், மலைத்துப்போய் மூடிவிடுவார்கள். நீங்கள் ஒரு தாளை எடுத்து 'தென்' என்று எழுதுங்கள். பக்கத்திலேயே 'தேன்'. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவதன் கொம்பில் இருக்கிறதே ஒரு சுழி, அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய இலக்கணப்படி எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஏடு எழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். 'கொடு' என்றாலும் 'கோடு' என்றாலும் ஏட்டில் ஒன்றுதான். நம்மவர்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்திருக்காது. பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த காது, இடம் பார்த்துக் குறிலா நெடிலா என்று தீர்த்துக்கொள்ளும். கடல் தாண்டி வந்தவருக்கு அந்தக் காது ஏது? வரிக்கு வரி இடறியிருப்பார். இடறிய இடத்தில் 'ஏ'வுக்குக் காலை இழுத்தார், 'ஓ'வுக்குச் சுழி போட்டார், நெடிலுக்குக் கொம்பையும் சுழித்தார். பின்னால் வந்த எல்லோருக்கும் பாதை சீரானது.

அடுத்து அவருடைய சதுரகராதி, 1732. அதற்கு முன் சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் பெரும்பாலும் நிகண்டுப் பாட்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். பாட்டு தெரியாதவர் தேடுவதற்காக அகர வரிசையில் சொற்களை அடுக்கினார். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து நாலைந்து சொல் படியுங்கள், போதும். தேடித் தேடி அலைந்த ஒருவர் செய்த புத்தகம் என்பது புரியும்.

குறிலா நெடிலா என்ற அந்தத் தவிப்பை இன்று நம் பிள்ளைகள் ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷ் வகுப்பில் உட்கார்ந்து அனுபவிக்கிறார்கள். அங்கே 'கிளாஸ்' என்று நீட்டினால் தம்ளர். உயிரைக் குறுக்கி ஸகரத்தை அழுத்தினால் ஐஸ்கிரீம். 'வீலா' என்றால் ஓய்வெடுப்பது, 'வில்லா' என்றால் தனி வீடு. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி: 'பாடு', 'பட்டு' என்று பிரித்துச் சொல்லப் பழகிய நாக்குக்கு இந்த இடம் அந்நியமே இல்லை. வேறு பல இடங்களில் அவர்களும் இடறத்தான் செய்வார்கள். அவர்கள் ஊருக்குப் போன் பேசும்போது, எந்தச் சொல்லில் இடறினாய் என்று கேளுங்கள். மார்க் என்ன என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த ஈஸ்டருக்கு ஆவூர் போனால், திருவிழா நோட்டீஸ் ஒன்று வாங்கிக்கொண்டு நிழலில் உட்காருங்கள். 'தேர்' என்று இருக்கும், 'கோயில்' என்று இருக்கும். சுழி வரும் இடத்திலெல்லாம் விரலை வைத்து, நீட்டி, வாய்விட்டு வாசியுங்கள்.