இரைச்சலும் பொருளும்: மெற்றாலிக்காவின் ‘வன்’

ஓசை மிக்கவிடத்துப் பொருள் குன்றும் என்பது நம்மனோருட் பலர் கொண்ட கருத்து. ‘ஹெவி மெற்றல்’ என வழங்கும் மேனாட்டு வன்னிசையைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்ளும் ஆசிரியருள் யானும் ஒருவனாயிருந்தேன். மாணவனொருவனின் வற்புறுத்தலால், மெற்றாலிக்கா என்னும் அமெரிக்கக் குழுவினரின் ‘வன்’ என்ற பாடலைப் பன்முறை கேட்டபின் அக்கருத்து ஆட்டங்கண்டது.

1988 இல் வெளியான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபோர் ஆல்’ என்னும் தொகுதியில் இடம்பெற்ற இப்பாடல் 1989 இல் தனித்தட்டாக வந்தது. 1990 இல் கிராமி விருதும் பெற்றது. டோல்ரன் ட்ரம்போ 1939 இல் வெளியிட்ட ‘ஜொனி கொட் ஹிஸ் கன்’ என்ற நாவலோடு இதன் கரு நெருங்கிய தொடர்புடையது. முதலாம் உலகப் போரில் கைகால்களையும் கண், செவி, வாய் என்பவற்றையும் இழந்து, அறிவுமாத்திரம் கெடாது மருத்துவமனையிற் கிடக்கும் வீரன் ஒருவனின் கதை அது. தலையைத் தலையணையில் மோதி, மோர்சுத் தந்திக் குறிகளால் அவன் பேச முயல்கிறான்.

பேசவொண்ணாதவன் கதையைப் பாட்டாக்குவது எங்ஙனம்? இவ்விடரைச் சொல்லினும் ஓசையாலேயே குழுவினர் வென்றுள்ளனர். போர்க்களத்து ஒலிகளின்பின் கித்தார் தனித்து, மெல்லென எழுகின்றது. ஹெட்ஃபீல்டின் குரலும் அடங்கியே ஒலிக்கின்றது. தொல்காப்பியர் கூறும் மெல்லிசை வண்ணமும் வல்லிசை வண்ணமும் என் நினைவுக்கு வந்தன. இங்கே முன்னையது சிறிது சிறிதாகப் பின்னையதற்கு இடங்கொடுக்கின்றது. பிற்பாதியில் உல்ரிக்கின் இரட்டை முரசு கடுகி அதிர, கித்தார்களும் அதனோடு ஒட்டி அதே அடியில் இறங்குகின்றன. இவ்வதிர்வை இயந்திரத் துப்பாக்கியின் ஒலியெனக் கொள்வர் பலர். அது பொருந்துவதே. ஆயினும், தலையணையில் ஓயாது மோதும் அவ்வீரனின் தலையையே யான் அதிற் கேட்கின்றேன். அவனை அழித்த ஒலியும் அவனுக்கு எஞ்சிய மொழியும் ஒரே தாளத்தில் ஒன்றிவிட்டன. அவ்வாறு கேட்டபின் அதனை இரைச்சல் என்று தள்ள என்னால் இயலவில்லை.

குறையும் உண்டு. நியூஸ்ரெட்டின் பேஸ் கித்தார் அத்தொகுதி முழுவதிலும் செவிக்கு எட்டாதபடி தாழ்த்தப்பட்டுள்ளது. ஒலி வறண்டு நிற்கின்றது. வீரனின் வெறுமைக்கு அதுவே ஏற்றதெனச் சமாதானங் கூறல் கூடும். குறையைக் குணமெனச் சாதிப்பது திறனாய்வாகாது. இன்னொன்று: ட்ரம்போ தாமே நெறிப்படுத்திய 1971 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் காட்சிகளையும் உரையாடல்களையும் பாடலுக்கான ஒளிப்படத்தில் இணைத்துள்ளனர். இசை உணர்த்திவிட்டதை அவ்வுரையாடல் மீண்டும் விளக்குகின்றது. மாணவர் அதனைப் பார்க்குமுன் பாடலைக் கேட்டுவிடுதல் நன்று.

ஏறத்தாழ ஏழரை நிமிடம் ஓடும் இப்பாடல் தணிந்து அடங்குவதில்லை. வேகத்தின் உச்சியிலேயே சட்டென அறுபடுகின்றது. நாவலில் அவ்வீரனின் வேண்டுகோளும் மறுக்கப்பட்டே போகின்றது. அவனோ தட்டிக்கொண்டே இருக்கின்றான்.