சீச்சாக்கோ என்றொரு கத்துக்குட்டி

ஜாக் லண்டனின் ‘டு பில்ட் எ ஃபயர்’ சிறுகதையை ரெண்டாவது தடவை வாசிக்கும்போதுதான் கவனித்தேன்: பனியில் சாகப்போகிறவனுக்குப் பெயரே இல்லை. பெயருக்குப் பதிலாக ஆசிரியர் ஒரு சொல்லைத் தருகிறார். சீச்சாக்கோ.

அது சினூக் ஜார்கனிலிருந்து வந்த சொல். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பூர்வகுடிகளும் வெள்ளை வியாபாரிகளும் பேசிக்கொள்ளப் பயன்பட்ட கலப்பு மொழி அது. ‘சீ’ என்றால் புதிது, ‘சாக்கோ’ என்றால் வருதல். புதுசா வந்தவன், அவ்வளவுதான். க்ளோண்டைக் தங்கவேட்டைக் காலத்தில் இதில் ஏளனமும் சேர்ந்துகொண்டது. யூகான் நதி உறைவதையும் உடைவதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நீங்கள் ‘சவர்டோ’, அதாவது புளித்த மாவில் ரொட்டி சுடத் தெரிந்த பழைய ஆள். ‘ஒயிட் ஃபாங்’ (1906) நாவலில், கப்பலில் வரும் புதியவர்களின் நாய்கள் கடிபட்டுச் சாவதை சவர்டோக்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்து ரசிக்கிறார்கள்.

‘டு பில்ட் எ ஃபயர்’ கதையை லண்டன் இரண்டு முறை எழுதினார். 1902-ல் ஒரு சிறுவர் இதழுக்கு எழுதியதில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. பட்டுத் தெரிந்துகொண்டு பிழைத்துவிடுகிறான். 1908-ல் எழுதியதில் பெயர் போய்விட்டது, உயிரும் போய்விடுகிறது. முதல் கதையில் அனுபவமின்மை கடந்துபோகக்கூடிய ஒரு கட்டம். இரண்டாவதில் அதுவே தலையெழுத்து.

இத்தனைக்கும் அவன் கையாலாகாதவன் இல்லை. மதியம் ஒழுங்காகத்தான் தீ மூட்டிச் சாப்பிடுகிறான். ஐம்பது டிகிரிக்குக் கீழே குளிர் போனால் தனியாகப் போகாதே என்று சல்ஃபர் க்ரீக் கிழவர் சொன்னபோது சிரித்தான் பாருங்கள், தப்பு அங்கேதான். புதுசாக இருப்பது வேறு, காது கொடுக்காமல் இருப்பது வேறு. ‘சீச்சாக்கோ’ என்கிற முத்திரை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. கதையில் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

சரி, லண்டன் எத்தனை வருஷத்துப் பழைய ஆள்? 1897-ல், 21 வயதில் போனார். ஸ்கர்வி நோயோடு 1898 கோடையில் படகேறித் திரும்பிவிட்டார். ஒரே ஒரு குளிர்காலம்! அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு சவர்டோவும் புதுசா வந்தவன்தானே?

நம்மூர் இலக்கிய வட்டத்திலும் இது நடக்கிறது. முதல் கதை எழுதியவனை ‘கத்துக்குட்டி’ என்று சொல்பவருக்கு ரெண்டாவது புத்தகம் போன மாசம்தான் வந்திருக்கும். அவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தக் கிழவர் அவனை சீச்சாக்கோ என்று கூப்பிடவில்லை. தனியாகப் போகாதே என்றுதான் சொன்னார். கடைசி நிமிஷத்தில் அவன் நினைத்துக்கொள்வதும் அவரைத்தான். முத்திரை குத்தியது கதைசொல்லி.