ஐந்து நொடித் திண்ணை

2011-இல் தமிழக அரசு தரத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எதற்குள் நுழைய என்று கேட்கும் தொடக்கப் பட்டியலைப் பலரும் தொந்தரவாகவே நினைத்தார்கள். எனக்கு அது திண்ணை. வெள்ளையடித்துக் கோலமிட வேண்டிய இடம்.

வேலை சின்னதுதான். அந்தப் பட்டியலைக் காட்டும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் பின்னணிப் படம் இருக்கும் பாதையை எழுதி, 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்ட வேண்டும். எழுத்துரு மாற்றுவதென்றால் அதை கிரப் படிக்கும் பிஎஃப்2 வடிவாக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை தேவை.

முதலில் எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துப் பருத்திக்காட்டுப் படம் வைத்தேன். வெடித்த பஞ்சுக்குள் வெள்ளை எழுத்து தொலைந்தே போனது. மழைக்குப் பின் உழுதுபோட்ட வெறுங்கரிசல்தான் எடுப்பாக அமைந்தது. பட்டியலின் ஐந்து நொடிக் காத்திருப்பைப் பத்தாக்கி வைத்திருக்கிறேன்.