கேதம் கேட்ட பிறகு

கன்னிவாடியிலும் அதைச் சுற்றிய பழனிமலை அடிவார ஊர்களிலும் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதம் கேட்கப் போவது என்பார்கள். போகிற பெண்கள் முதலில் எதையும் விசாரிப்பதில்லை. தெருவிலேயே குரலெடுத்து நுழைந்து, இழந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல்லிச் சொல்லி அழுவார்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் துணை எங்கே என்ற கேள்விக்கு நம் ஊர்கள் வைத்திருக்கும் பழைய பதில் அந்த அழுகைதான். நம் ஆய்வுலகம் அதை அரைகுறையாகவே கேட்டிருக்கிறது.

பழனி மலைகளில் சாவைப் பற்றிய ஆராய்ச்சி கற்களைத்தான் முதலில் அளந்தது. பாதிரியார்கள் ஆங்ளேடும் நியூட்டனும் இம்மலைகளின் கற்பதுக்கைகளைப் பற்றி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. இறந்தவருக்கு என்ன செய்தார்கள் என்பதைக் கற்கள் சொல்கின்றன. மிஞ்சியிருந்தவர்களை யார் தேற்றினார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அதற்குச் சங்கப் பாடல்களிடம்தான் போகவேண்டும். இறந்தவரை நினைத்து இரங்குவதற்கென்றே கையறுநிலை என்று ஒரு துறையை வகுத்த மரபு நம்முடையது. புறநானூற்று 255ஆம் பாடலில் காட்டுவழியில் கணவனைப் பறிகொடுத்த பெண், வாய்விட்டு அழுதால் புலி வருமோ என்று அஞ்சுகிறாள். கூட அழ ஆளில்லாத துக்கத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து இல்லை. 245ஆம் பாடலில் சேர மன்னன் மாக்கோதை, மனைவியைச் சிதையில் வைத்த பிறகும் தன் உயிர் போகவில்லையே என்று தன்னையே நொந்துகொள்கிறான். ஆண் தன் துக்கத்தைத் தன் வாயால் சொன்ன அந்த வழக்கம் பிறகு மெலிந்துபோனது. இன்று கேத வீட்டில் ஆண்கள் பந்தலடியில் பெஞ்சுபோட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ ஒப்பாரியை இலக்கியமாக மதித்து அச்சில் ஏற்றியது. அந்தக் கடனை மறக்கக் கூடாது. ஆனால் பின்னால் வந்த பல தொகுப்புகள் பாட்டை எடுத்துக்கொண்டு பாடியவளை விட்டுவிட்டன. மார்கரெட் டிராவிக் 1986இல் எழுதிய கட்டுரைதான் பறையர் பெண்களின் அழுகைப் பாட்டில், அதன் அமைப்பிலேயே பாடுகிறவளின் நிலை பதிந்திருப்பதைக் காட்டியது. இசபெல் கிளார்க்-டெசே 2005இல் எழுதிய நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். பெண்கள் தங்கள் சொந்தக் குறைகளையே சாவு வீட்டில் அழுது தீர்க்கிறார்கள் என்கிறார். இதைப் போலித்தனம் என்று படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்றோ பறிகொடுத்த தன் பிள்ளையை நினைத்து அழும்போதுதான், இன்று இழந்தவளுக்குத் தான் மட்டும் தனியாக இல்லை என்று தெரிகிறது. அதே முற்றத்தில்தான் கணவனை இழந்தவளின் தாலியை அறுத்துப் பொட்டழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அணைக்கிற கைகளே ஒதுக்கவும் செய்கின்றன.

மனநல ஆய்வு வேறு பாதையில் வந்தது. மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து மனநிலைக் கட்டங்கள் சாகப்போகிறவர்களைப் பற்றியவை. அவற்றை இழந்தவர்கள் மேல் சுமத்தியது பின்னால்தான். 1996இல் ஆய்வாளர் கிளாஸும் தோழர்களும், இறந்தவரோடு உறவு தொடர்வது நோயல்ல என்று நிறுவினார்கள். வருடாவருடம் படையல் போடுகிற வீடுகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. 2022இல் அமெரிக்க மனநோய்க் கையேடு, ஓராண்டுக்கு மேலும் தணியாமல் வாழ்வை முடக்கும் துக்கத்தைத் தனி நோயாகச் சேர்த்தது. நம் தலைத் திவசமும் ஓராண்டில்தான் வருகிறது. ஆனால் பதினாறாம் நாள் கருமாதிக்கும் அந்தத் திவசத்துக்கும் நடுவில் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த மாதங்களைப் பற்றி நாட்டார் ஆய்வு பேசவில்லை.

கேதமே நடக்காத சாவுகளும் உண்டு. யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி மனங்களை மட்டுமல்ல, சமூகத்தையே காயப்படுத்துகிறது என்று எழுதினார். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று தெருவில் போராட உட்கார்ந்தார்கள். உடலும் இல்லை, கருமாதியும் இல்லை, அழுது முடிக்க ஒரு நாளும் இல்லை. இங்கே தற்கொலை நடந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அழுவதற்குமுன் காரணம் கேட்கிறார்கள். 1986இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு, அப்படி இழந்தவர்களின் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்கிறது. அடிவார ஊர்களுக்குச் சென்னை தூரம்.

காந்திகிராமப் பல்கலைக்கழகம் கன்னிவாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்கிற பிள்ளைகள் ஒப்பாரியைப் பதிவு செய்வதோடு நிற்காமல், பாடியவளை ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ப் பார்க்கவேண்டும். நாமும் கருமாதிக்குப் பிறகு ஒரு நாள், காரியம் எதுவும் இல்லாமல், அந்த வீட்டுக்குப் போகலாம். யாரிடமும் பேச முடியாதவர்களுக்கு அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.