கப்பல் தலைவர் சரித்திரமும் கூலியாள் காகிதமும்

அமெரிக்காவில் ஐரோப்பியர் குடியேறிய கதைக்கும் கிள்ளான் தோட்டத் தமிழனுக்கும் யாது தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். இன்று பெட்டாலிங் ஜெயா என வழங்கும் மாநகரம், எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தில் 1950-களின் தொடக்கத்தில் எழுந்ததாகும். அத்தோட்டத்து மரமோ அமெரிக்க மண்ணுக்குரியது. 1876-ல் விக்ஹாம் என்பார் பிரேசிலிலிருந்து அதன் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் பிந்தி வந்தது. ஆட்களைக் கப்பலேற்றிக் கடனால் கட்டி, ஒரே பயிரை விளைவித்து ஏற்றுமதி செய்யும் முறையோ, அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கக் குடியேற்றங்களில் முதிர்ந்துவிட்டது. ஆகவே அவற்றைப் பற்றிய எழுத்துக்களை நாம் வேற்றார் கதையாகப் படிப்பது தகாது.

அரசனிடம் பட்டயம் பெற்ற ஓர் ஆங்கிலக் கம்பெனி 1607-ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரை அமைத்தது. புகையிலை விளையத் தொடங்கியதும் ஆள் வேண்டியதாயிற்று. கப்பற் கட்டணத்துக்கு ஈடாகச் சில வருஷங்கள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ஏழை ஆங்கிலேயர் வந்தனர். 1619 ஜூலையில் அங்கே பிரதிநிதி சபை முதன்முதலாகக் கூடிற்று. அடுத்த மாதமே ஆப்பிரிக்கர் இருபது பேருக்குமேல் கொண்டுவரப்பட்டு, உணவுப் பொருளுக்கு மாற்றாக விற்கப்பட்டனர். முன்னதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுவோர் உண்டு. பின்னதையும் சேர்த்துப் படிப்பவனுக்கே அத்தொட்டில் யாருக்காக ஆடிற்று என்பது விளங்கும்.

அக்காலத்து எழுத்துக்கள் இரண்டை ஒப்பிடுவோம். கப்பல் தலைவர் ஜான் ஸ்மித் 1624-ல் வர்ஜீனியா சரித்திரத்தை வெளியிட்டார். நடை மிடுக்குடையது, ஆனால் பக்கந்தோறும் அவர்தம் வீரமே முன்னிற்கிறது. ரிச்சர்டு ஃபிரெத்தோர்ன் என்னும் ஒப்பந்த வேலையாள் 1623-ல் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் வீரம் இல்லை. பட்டாணியும் நீர்த்த கூழுமே உணவென்றும், தன்னை மீட்க வேண்டுமென்றும், அது இயலாதாயின் உண்பொருளேனும் அனுப்ப வேண்டுமென்றும் மன்றாடுகிறான். குடியேற்றத்தின் கணக்கு இக்காகிதத்திலேதான் சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்பது நம் கருத்து.

நிற்க. நம் நாட்டுக் காகிதம் ஒன்றும் உண்டு. மலாயாவில் 1909-ல் அமைந்த நியமனச் சபையில் தோட்ட முதலாளிகளின் குரல் ஒலித்தது. இந்தியர் ஒருவர், வழக்கறிஞர் வீராசாமி, இடம்பெற்றது 1928-லேதான். பால் வெட்டுவோனுக்கு அங்கே இடமேது? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் துணைநிற்க, வேலைநிறுத்தம் செய்து தம் கோரிக்கைகளை வரிசைப்படுத்தினர். சீனருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்டிருக்குப் பாதுகாப்பு, துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்படுகையில் சைக்கிளைவிட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகியன அவற்றுட் சில. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

இக்கோரிக்கைத் தாளை நாம் இலக்கியமென்றே மதிக்கிறோம். ஃபிரெத்தோர்ன் தனியனாய்த் தந்தையிடம் கெஞ்சினான். கிள்ளான் தொழிலாளி பலரோடு கூடி முதலாளியிடமே கேட்டான். கூலியையும் சைக்கிளையும் ஒரே தாளில் வைத்தானே, வயிறும் மானமும் ஒன்றையொன்று பிரியா என்னும் அறிவு அதில் இருக்கிறது. நம்மவர் எழுதும் தோட்டக் கதைகள் பலவற்றிலோ தொழிலாளி அழுகிறான், குடிக்கிறான், சாகிறான், கேட்பதில்லை. நம் கிராணி வர்க்கம் அத்தாளில் துரைமாருக்குப் பக்கத்திலே நிற்கிறது. செக்ரோல் எழுதும் கைக்குத் தொழிலாளியின்பால் இரக்கம் எழுதுவது எளிது. அவன் கேள்வியை எழுதுவது கடினம் போலும்!

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா இளைஞர்காள்! 1941-ஐக் கண்ணாற் கண்டோர் மிகச் சிலரே மிஞ்சியிருப்பர். அவர்தம் மக்கள் கேட்டறிந்த செய்திகள் வீடுதோறும் உண்டு. அவற்றை ஊரோடும் வருஷத்தோடும் எழுதி வைப்பீராக. இன்றேல் நமக்கும் கப்பல் தலைவர் எழுதிய சரித்திரமே எஞ்சும்.